சலூன் நாட்குறிப்பு: உச்சியும் பிடரியும்

1.6.2025, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது; விடிந்ததிலிருந்து பையன்கள் கூட்டம். ஒருவனுக்கு உச்சியில் எட்டணா அகலத்துக்கு முடியில்லை. "புழுவெட்டுதானே?" என்றார் அவன் அப்பா. புழுவெட்டு விழுந்த இடம் வழவழவென்றிருக்கும். இங்கே செதில் உதிர்ந்தது. முடி தோலோடு ஒட்ட ஒடிந்து கரும்புள்ளிகளாக நின்றது. படர்தாமரையாக இருந்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் சாப்பிட வேண்டும். மெஷினை எடுக்கவில்லை. "தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் இவன் சீப்பு, துண்டு தனியா இருக்கட்டும்" என்றேன்.

2.6.2025, திங்கள்

கல்லூரித் தம்பி பிடரியை ஒட்ட வழிக்கச் சொன்னான். அங்கே சிறு சிறு கட்டிகள். இரண்டு மூன்று தடித்துத் தழும்பாகிவிட்டன. ஒட்ட வழித்தால் இன்னும் கிளம்பும். பிளேடு போடாமல் கொஞ்சம் முடி விட்டே வெட்டினேன். பின்கண்ணாடியில் காட்டியபோதுதான் அவனே பார்த்தான்.

3.6.2025, செவ்வாய்

கடை விடுமுறை. கடைப்பையனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். புழுவெட்டு, வெண்புள்ளி, சொரியாசிஸ் மூன்றும் தொட்டால் ஒட்டாது. அவர்களைத் திருப்பி அனுப்புவது பாவம். ஆனால் வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கீறல் பட்ட இடத்திலேயே புதிதாகக் கிளம்பலாம். கை நிதானம் வேண்டும். மருவின் மேல் பிளேடு ஓடினால் மரு பரவும். படிகாரக் கட்டியை ஆளுக்கு ஆள் தேய்க்கிற பழக்கத்தை இன்றோடு விட்டோம். பிளேடு ஒருவருக்கு ஒன்று. அதில் பேச்சே இல்லை.

5.6.2025, வியாழன்

வாடிக்கையாக வரும் பெரியவர். கழுத்தோரம் வெளிறிய தேமல் ஒன்று. பவுடர் பிரஷ்ஷால் தட்டினேன். மற்ற இடத்தில் கூசியவர் அங்கே பட்டதை உணரவில்லை. தேமலில் உணர்ச்சி மரத்துப்போனால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். கடை காலியாகும்வரை காத்திருந்து, நோயின் பேரை எடுக்காமல், "இந்த இடம் மரத்திருக்குங்கய்யா, பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்றேன். அங்கே மருந்து இலவசம்; ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். சீக்கிரம் தொடங்கினால் கைகால் ஊனமாகாமல் தப்பலாம்.

8.6.2025, ஞாயிறு

உச்சியும் பிடரியும் ஒருவர் தானாகப் பார்க்க முடியாத இடங்கள். மாதாமாதம் அவற்றை வெளிச்சத்தில் பார்ப்பவன் நான்தான். வைத்தியம் சொல்வது என் வேலையில்லை. கண்டதை நாலு பேர் காதில் விழாமல் சொல்லி, டாக்டரிடம் அனுப்புவது என் வேலை. கடைப்பையனும் இதைத் தொழிலோடு சேர்த்தே கற்கட்டும்.