குந்தி எழுதலும் பிறர் கண்ணும்

பாரந் தூக்குவோர் பழகும் பயிற்சிகளுள், இரும்புத் தண்டைத் தோளிற் சுமந்து குந்தி எழுதலைத் தனித்துப் பழகுதல் அரிது. கண்ணாடி முன்புறத்தையே காட்டும். தொடை போதிய அளவு தாழ்ந்ததா என்பதைப் பக்கத்தில் நிற்பவனே அறிவான். 1972 இல் அமைந்த சர்வதேச வலுத்தூக்கல் சம்மேளனத்தின் போட்டிகளில், நடுவர் ஒருவர் முன்னும் இருவர் பக்கங்களிலும் அமர்வது இதனாலன்றோ? இடுப்பருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே இறங்கவேண்டும். நடுவருள் இருவரேனும் வெள்ளை விளக்கிட்டாற்றான் அம்முயற்சி செல்லும்.

விடுமுறைக் காலங்களில் அட்டனில் நாங்கள் நால்வர் கூடிப் பழகுகின்றோம். மூத்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பாரம் ஏறியதும் அவருடைய குதிகால்கள் நிலத்தை விட்டெழும். முழங்கால்கள் உட்புறம் சாயும். (எங்கள் பாட்டிமார் லயத்து வாசலில் குதிகால் பதியக் குந்தியிருந்தே நெடுநேரம் கதைப்பர், சப்பாத்துக் கால்களுக்கு அது மறந்துவிட்டது போலும்.) முழங்கால் பழுதுற்றால் அவருக்குப் பேர் இல்லை, பேர் இல்லையேற் சம்பளமும் இல்லை. ஆயினும், வயதில் மூத்தவரிடம் "போதாது" என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

ஒருநாள் எங்களுள் இளையவன் மெல்லச் சொன்னான்: "அண்ணே, குதிகால் தூக்குது. கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் வட்டுகளைத் தாமே கழற்றி வைத்துவிட்டு, 20 கிலோ வெறுந்தண்டோடு குந்தினார். பாரம் மீண்டும் ஏறப் பல வாரங்கள் சென்றன. இப்பொழுது ஒவ்வொரு முறை எழுந்ததும் அவர் அவ்விளையவனின் முகத்தையே முதலில் நோக்குகின்றார்.