நோகாத பக்கமும் நோகும் பக்கமும்

2018ஆம் ஆண்டு ஆவணி மாதம் என் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தையிலிருந்த என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. வலது மார்பில் புற்றுநோய். முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்குவது, பின்னர் சத்திரசிகிச்சை செய்வது என வைத்தியர்கள் தீர்மானித்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவைகள், 'டொக்சோரூபிசின்' என்னும் சிவப்பு மருந்தும் 'சைக்ளோபொஸ்பமைட்' என்னும் மருந்தும் ஏற்றப்படவிருந்தன.

முடி கொட்டும், வாய் புண்ணாகும், சாப்பாடு வெறுத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எல்லாம் சொன்னபடியே வந்தன. அவள் அவற்றைப் பெரிதுபடுத்தவில்லை. சொல்லப்படாத ஒன்று, இரண்டாவது தடவை மருந்தேற்றிய பின்னர் வந்தது. ஒருநாள் நடுச்சாமத்தில் என்னைத் தட்டி எழுப்பினாள்.

"அண்ணா, இடது பக்கம் நோகுது. ஊசியாலை குத்தி இழுக்கிற மாதிரிக் கிடக்கு."

இடது பக்கம் நோயில்லாத பக்கம். நோய் அங்கும் பரவிவிட்டதோ என்று இருவருமே நினைத்தோம். இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. விடியும்வரை தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம்.

நிற்க. வலது மார்பில் கட்டி முதன்முதலாகத் தட்டுப்பட்டபோது அவளுக்குச் சிறு நோவும் இருக்கவில்லை. நோகாத ஒன்றுக்கு வைத்தியர் எதற்கு என்று ஐந்து மாதங்கள் எவரிடமும் சொல்லாமலிருந்தாள். அவ்வாறு இருந்துவிடும் பெண்கள் எங்கள் குடும்பங்களில் அநேகர். மார்புப் புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் ஆரம்பத்தில் நோவதில்லை என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் எழுதிய எனக்கும் அதுவரை தெரியாது.

அடுத்த கிளினிக்கில் இளம் வைத்தியர் ஒருவர் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "மனப்பயம் அம்மா" என்றார். நான் வாய் திறப்பதற்கு முன் தங்கை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நல்லவேளை, மூத்த பெண் வைத்தியர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் கையால் பரிசோதித்தார், ஸ்கான் செய்வித்தார். டொக்சோரூபிசின் இருதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுப்பித்தார். எதிலும் குறையில்லை.

வெள்ளையணுக்களைக் கூட்டுவதற்காக மருந்தேற்றிய மறுநாளிலிருந்து போடப்படும் 'பில்கிராஸ்டிம்' ஊசி எலும்பு மச்சையைத் தூண்டுவதால் நெஞ்செலும்பு நோகலாம் என்றார். மருந்துகள் சூலகங்களின் தொழிலைக் குழப்புவதால் மார்பும் நோகலாம் என்றார். பிறகு, "இதில் எது என்று என்னாலும் உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் உங்களுக்கு நோகிறது என்பது உண்மை" என்றார்.

ஓட்டோவில் திரும்பும்போது அவள் அழுதாள். வாரக் கணக்கில் நான் கண்டிராத அழுகை.

நிருபராகச் சேர்ந்த காலத்தில் யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று ஆறு கேள்விகளை எனக்குக் கற்றுத் தந்தார்கள். அன்று மாலை ஒரு கொப்பி வாங்கிக் கோடிட்டுக் கொடுத்தேன். நாள், நேரம், இடம், பத்துக்கு எத்தனை, என்ன செய்தாய். 'ஏன்' என்பதற்கு இடம் விடவில்லை.

எழுதத் தொடங்கியதும் சில விஷயங்கள் தெரிந்தன. நோவின் பெரும்பகுதி ஊசி போட்ட நாட்களை ஒட்டியே வந்தது. சில நாட்கள் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. இறுக்கமான உள்ளாடையை விட்டுப் பழைய பருத்திச் சட்டையை அணிந்தால் குறைந்தது. பரசிட்டமோல் கேட்டது. ஆனால் அதை விழுங்குமுன் காய்ச்சல் பார்க்கவேண்டும் என்று தாதி ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருந்தேற்றும் காலத்தில் 38 பாகைக் காய்ச்சல் என்றாலே உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். குளிசை அந்தக் காய்ச்சலை மறைத்துவிடும். எனவே தலையணையடியில் வெப்பமானி இருந்தது.

ரொறன்ரோவில் படித்துக்கொண்டிருந்த அவளது மகள் ஒவ்வோர் இரவும் அழைப்பாள். தாய் கொப்பியைப் பார்த்து வாசிப்பாள். "இண்டைக்கு மூண்டு. நேற்று அஞ்சு." எங்கள் இருவரின் ஆறுதல் வார்த்தைகளையும்விட அந்த இலக்கங்களையே மகள் நம்பினாள்.

2019 மாசியில் சத்திரசிகிச்சை நடந்தது. இடது பக்க நோ அதற்கு முன்னரே, மருந்துகள் முடிந்த கையோடு மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் வராமலே போயிற்று. எதனால் வந்தது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. அவள் இப்போது ஊரில் இருக்கிறாள். சென்ற வருடம் போயிருந்தபோது அதே கொப்பி மேசையில் கிடந்தது. பின்பக்கங்களில் தேங்காய் விற்ற கணக்கு எழுதியிருந்தாள்.