கோட்டைப் பார்க்காதே, சந்தியைப் பார்

வாலாஜாபாத் வட்டாரத்தில் பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் பலர் தொகுபயன் மின்தேக்குத்திறன் கணக்கில் தடுமாறுவதற்குக் காரணம் சூத்திரம் தெரியாதது அல்ல, படத்தின் வடிவத்தை நம்புவதுதான். 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்று, A, P, Q, B என்ற புள்ளிகளுக்கு இடையே ஒரே வரிசையில் நிற்கின்றன. A-யிலிருந்து Q-வுக்கு ஒரு கம்பி, P-யிலிருந்து B-க்கு ஒரு கம்பி. பார்வைக்குத் தொடரிணைப்பு, விடை 2 என்று தோன்றும். ஆனால் கம்பியால் இணைந்த புள்ளிகளுக்கு ஒரே மின்னழுத்தம். Q-வும் A-தான், P-யும் B-தான். மூன்றுமே A-க்கும் B-க்கும் நடுவில் இருப்பதால் பக்க இணைப்பு; விடை 18. ஆகவே முதலில் சந்திகளுக்குப் பெயரிட்டு, பிறகு படத்தை மாற்றி வரைய வேண்டும்.

நீட் தேர்வில் அதற்கு நேரமேது என்பார்கள். ஆனால் மனப்பாடமான வடிவம் பழகிய படத்துக்கு மட்டுமே உதவும். கம்பி கொஞ்சம் வளைந்தாலே கைவிட்டுவிடும். சமனாகாத வீட்ஸ்டோன் அமைப்பைத் தொடர், பக்கம் என்று பிரிக்கவே முடியாதே என்பதும் சரிதான். அங்கும் வழி சந்திதான்: தனித்து நிற்கும் சந்தியில், தொடக்கத்தில் மின்னூட்டம் இல்லையென்றால், நிகர மின்னூட்டம் சுழி. அந்தச் சமன்பாடே மின்னழுத்தங்களைத் தந்துவிடும்.

இது தேர்வோடு முடிவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலைக்குப் போகிறவர்கள் கையாளும் மின்சுற்றுப் பலகைகளில், மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் சிறு மின்தேக்கிகள் பல, மின்வழங்கிக்கும் தரைக்கும் இடையே பக்க இணைப்பில் இருப்பவையே. ஆசிரியர்களே, சூத்திரத்துக்கு முன் சந்தியைச் சொல்லிக்கொடுங்கள்.