பய்யோலி உஷாவும் பத்துத் தடைகளும்

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் 1964-இல் பிறந்த பி. டி. உஷா, கடலோரச் சிற்றூரான பய்யோலியில் வளர்ந்தவர். கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் பயிற்சியாளர் ஓ. எம். நம்பியார். பய்யோலிக் கடற்கரை மணலும் அவர்களுக்குப் பயிற்சிக் களமானது. மணலில் கால் புதைவதால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் விசை வேண்டும். கணுக்காலும் கெண்டைக்காலும் உரமேறும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 16 வயதில் ஓடிய உஷா, 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார்.

பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. முதல் தடைக்கு 45 மீட்டர், அடுத்தடுத்த தடைகளுக்கிடையே 35 மீட்டர், பத்தாவது தடைக்குப் பின் 40 மீட்டர். இதில் வேகம் மட்டும் போதாது. தடைகளுக்கிடையே எத்தனை அடி என்ற கணக்கு காலுக்குப் பழகியிருக்க வேண்டும். வளைவில் இடக்காலை முன்னே வீசித் தாண்டுபவர் தம் ஓடுபாதையின் உள்விளிம்பை ஒட்டியே ஓடலாம். களைப்பில் அடி குறுகும்போது மறுகாலாலும் தாண்டத் தெரிந்தவருக்கே தாளம் குலையாது. இந்தப் பழக்கம் பல பந்தயங்களில் ஓடித்தான் கைவரும். உஷாவோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன்புதான் இந்த ஓட்டத்துக்கு மாறியிருந்தார்.

அப்படியிருந்தும் இறுதிப் போட்டியில் 55.42 விநாடியில் ஓடி முடித்தார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41 விநாடியில் வெண்கலத்தைப் பெற்றார். எல்லைக்கோட்டை முதலில் தொடும் காலோ கையோ கணக்கில் வராது; உடற்பகுதி கடக்கும் கணமே நேரம். மார்பை முன்சாய்த்து முடிப்பதும் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் பழக வேண்டிய பாடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியத் தடகளத்தில் இல்லை.

அந்த இழப்போடு அவர் நின்றுவிடவில்லை. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். நம்பியாருக்கு 1985-இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. ஓய்வுக்குப் பின் உஷா தொடங்கிய தடகளப் பள்ளி, 800 மீட்டர் வீராங்கனை டின்டு லூக்காவை உருவாக்கியது.

55.42 என்ற தேசிய சாதனையைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சமன்செய்து, இறுதிப் போட்டியில் வெண்கலமும் வென்றார். தடை ஓட்டத்துக்குப் புதியவராக இருந்த ஒருவர் ஓடிய நேரத்தை எட்ட இந்தியாவுக்கு 39 ஆண்டுகள் தேவைப்பட்டன.