அம்மாவை உட்கார வைத்துவிடாதே

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் டி-ஸ்கோர் மைனஸ் 2.7. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே நீ விடுவதில்லை என்று அத்தான் போனில் சொன்னார். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அம்மாச்சி கொல்லைப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து, படுத்த படுக்கையாகவே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் இந்த விஷயத்தில் உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய்.

இளம் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து அம்மா எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறாள் என்பதைத்தான் அந்த 2.7 சொல்கிறது. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் மைனஸ் 2.5-ல் ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ எலும்புப்புரை. ஆனால் நாளைக்கு யாருக்கு முறியும், யாருக்கு முறியாது என்பதை அந்தக் கோட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இதைச் சொல்ல என்னிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. மாணவர்களுக்கு எலும்பு முறிவு பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் எடுத்துக்கொள்வது ஸ்டீவன் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் ஆய்வைத்தான்.

சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர் அவர். 1986-ல் தொடங்கி அவரும் அவருடைய சகாக்களும் பால்டிமோர், பிட்ஸ்பர்க், மினியாபொலிஸ், போர்ட்லாண்ட் ஆகிய நான்கு ஊர்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 9,704 பெண்களைத் திரட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் இல்லை, வாக்காளர் பட்டியல் போன்றவற்றைப் பார்த்துக் கடிதம் போட்டு வரவழைத்த சாதாரணப் பாட்டிமார்கள். இடுப்பை அளக்கும் மெஷின் அப்போது பரவலாக இல்லை, குதிகாலையும் முன்கையையும்தான் அளந்தார்கள். அதோடு விட்டிருந்தால் இன்னொரு அடர்த்திக் கணக்காகப் போயிருக்கும். கம்மிங்ஸ் குழு பார்வையைச் சோதித்தது, நாடி பார்த்தது, 25 வயதில் என்ன எடை, என்ன உயரம் என்று கேட்டது, மாத்திரைகளையெல்லாம் எடுத்துவரச் சொல்லிக் குறித்துக்கொண்டது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பார்த்தது. பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் தபால் அட்டை போனது: விழுந்தீர்களா, எங்காவது முறிந்ததா? முறிந்தது என்று பதில் வந்தால் எக்ஸ்ரே அறிக்கையை வாங்கிச் சரிபார்த்தார்கள். இத்தனை ஆயிரம் பேரில் ஏறக்குறைய யாரையும் தவறவிடாமல் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை கூடுகிறது.

1995-ல் முடிவு வெளிவந்தது. முன்பு இடுப்பு முறியாத 9,516 பெண்களில், சராசரி நான்கு வருஷத்தில் 192 பேருக்கு இடுப்பு முறிந்திருந்தது. ஆபத்துக் காரணிகள் இரண்டுக்கு மிகாமல், அடர்த்தியும் வயதுக்கேற்ப இருந்தவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. ஐந்தோ அதற்கு மேலோ காரணிகள் இருந்து, அடர்த்தியும் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களில் ஆயிரத்துக்கு 27. எலும்பு மட்டும் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரவில்லை அக்கா. இதே பெண்களைப் பின்னால் ஆராய்ந்தபோது, இடுப்பு முறிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆரம்பத்தில் மைனஸ் 2.5 கோட்டைத் தொடவே இல்லை என்றும் தெரிந்தது.

அந்தக் காரணிகளை நம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். தாய்க்கு இடுப்பு முறிந்திருந்தால் மகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. அம்மாச்சியை நாம் மாற்ற முடியாது. ஆனால் அம்மாவைப் பார்க்கும் எலும்பு டாக்டரிடம் இதைச் சொன்னாயா? அவராகக் கேட்டிருக்க மாட்டார். மற்றவற்றில் பல நம் கையில் இருப்பவை. 25 வயதில் இருந்ததைவிட இப்போது எடை குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்; சர்க்கரை என்று சொல்லி நீ அம்மாவின் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டே போகிறாய், குறைத்த இடத்தில் பருப்பும் முட்டையும் வைத்தாயா? தூரம், ஆழம் சரியாகப் பிடிபடாத கண்கள் ஒரு காரணி. அம்மா கேட்டராக்ட் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு எவ்வளவு நாளாகிறது? டயசெபாம் போல உடலில் நெடுநேரம் தங்கும் மாத்திரைகளும் பட்டியலில் உண்டு. அப்பா போன பிறகு தூக்கத்துக்கு என்று ஆரம்பித்த மாத்திரை எந்த வகை என்று பார். நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி நம் சண்டைக்கு வருகிறேன். ஒரு நாளில் நான்கு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் காலூன்றி நின்று நடமாடியவர்களுக்கு இடுப்பு முறிவு அதிகமாக வந்திருந்தது. உடற்பயிற்சிக்காக நடந்தவர்களுக்குக் குறைவு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. நீ பாதுகாப்பு என்று நினைத்து அம்மாவை உட்கார வைக்கிறாய். தொடைச் சதை வற்றிப்போனால் அடுத்த முறை தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க எதுவுமே இருக்காது.

போன மாசம் விழுந்தபோது மணிக்கட்டு முறிந்ததே, அதையும் நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். கம்மிங்ஸும் அவருடைய சகா மைக்கேல் நெவிட்டும் விழும் விதத்தையே தனியாக ஆராய்ந்தார்கள். பின்பக்கமாகச் சாய்ந்து கையை ஊன்றியவர்களுக்கு மணிக்கட்டு போகிறது. பக்கவாட்டில் இடுப்பின் மேலேயே விழுபவர்களுக்குத்தான் இடுப்பு போகிறது. அம்மாவால் இன்னும் சட்டென்று கையை ஊன்ற முடிகிறது. அந்தச் சுறுசுறுப்பு போய்விடாமல் காப்பாற்ற வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்த ஆய்வில் முதலில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும். கறுப்பினப் பெண்களை 1997-ல்தான் சேர்த்தார்கள். எனவே ஆயிரத்துக்கு 27 என்பதை அப்படியே அம்மா தலையில் ஏற்றாதே. ஷெஃபீல்டில் ஜான் கானிஸ் குழு 2008-ல் கொண்டுவந்த ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டில் இந்தியாவுக்கென்று தனி மாதிரி இருக்கிறது. பத்து வருஷத்தில் முறியும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லும். அம்மாவின் விவரங்களை அதில் போட்டுப் பார்த்து உனக்குச் சொல்கிறேன்.

டாக்டர் எழுதிய அலெண்ட்ரோனேட் நல்ல மருந்துதான். முதுகெலும்பு முன்பே நசுங்கியிருந்த 2,027 பெண்களிடம் சோதித்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கம்மிங்ஸ் அதிலும் இருந்தார். ஆனால் அம்மா அதைக் காலை டிகிரி காபியோடு விழுங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து அது. காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் வீண். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் சாப்பிடக் கூடாது. படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். காபி அதற்குப் பிறகு.

இன்றைக்குச் சாயங்காலமே ஒன்று செய். கைப்பிடி இல்லாத சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அம்மாவை உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொல். பக்கத்திலேயே நில், தூக்கிவிடாதே. முடிந்ததா இல்லையா என்று எனக்கு எழுது. கூடவே தூக்க மாத்திரை அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. கண் டாக்டரிடம் இந்த வாரத்துக்குள் நேரம் வாங்கச் சொல்லி அத்தானிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை