தாத்தாவுக்கு இன்ஜினின் முகம் நினைவில்லை!

நீராவி ரயில் இன்ஜின் ஒன்றை வரையச் சொன்னால் நாம் எல்லோரும் எதை வரைவோம்? உருண்டையான முகம், மேலே புகைபோக்கி, பக்கவாட்டில் பெரிய பெரிய சக்கரங்கள், சுருள் சுருளாகப் புகை. அப்புறம் நேராகப் பெட்டிகளை மாட்டிவிடுவோம். நடுவே வர வேண்டிய ஒரு வண்டியை மறந்தே போய்விடுவோம். நிலக்கரியையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு, இன்ஜினோடு ஒட்டியே ஓடும் அந்த வண்டியின் பெயர் டெண்டர்.

எங்கள் டெஸ்க்கில் 'டெண்டர்' என்றால் சாலை டெண்டர், பால டெண்டர், டெண்டர் முறைகேடு வழக்கு. இவைதான் தினமும் வரும். ரயில் டெண்டரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளால்.

தாத்தா விழுப்புரம் ஷெட்டில் கிளீனராக வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு பல வருடங்கள் ஃபயர்மேன். டீசல் வந்த பிறகு படிப்படியாக உயர்ந்து, டிரைவராக ஓய்வு பெற்றார். ஆனாலும் எங்கள் தெருவில் இன்றும் அது 'ஃபயர்மேன் வீடு'தான். பிறந்தநாளுக்குச் சால்வை, மோதிரம் எல்லாம் வேண்டாம், அவர் ஓட்டிய காலத்து இன்ஜினின் மாடல் ஒன்றைக் கொடுக்கலாம் என்று சித்தப்பா யோசனை சொன்னார். கோவையில் ரயில் மாடல்கள் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு இருந்ததால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"ஒய்.பி இன்ஜின். அவ்வளவுதான் தெரியும். செஞ்சு கொடுங்க" என்று மெசேஜ் அனுப்பினேன்.

பதிலுக்கு வந்தவை எல்லாம் கேள்விகள். "எந்த வருஷம்? இன்ஜின் நம்பர் என்ன? டெண்டர் பக்கவாட்டுல என்ன எழுத்து இருந்துச்சு, எந்த மொழியில? கரி எவ்வளவு இருக்கணும்? வண்டி கிளம்பும்போது இருக்கற அளவா, போய்ச் சேரும்போது இருக்கற அளவா?"

ஒய்.பி என்பது நம் நாட்டு மீட்டர்கேஜ் பாதைகளில் பயணிகள் ரயிலை இழுத்த இன்ஜின் வகை. முன்னால் 4 சிறிய சக்கரங்கள், நடுவே 6 பெரிய சக்கரங்கள், பின்னால் 2. 1949 முதல் 1970 வரை மொத்தம் 871 இன்ஜின்கள் செய்யப்பட்டன. "அதுல ஏதாவது ஒண்ணு" என்று நான் சொன்னபோது நண்பர், "ஏதாவது ஒண்ணுன்னு ஒரு இன்ஜின் கிடையாதுங்க" என்றார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், உலகிலேயே அதிகம் பேருக்குப் பெயர் தெரிந்த நீராவி இன்ஜின்: இங்கிலாந்தின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்.

ஒரே இன்ஜின், பல வயது

நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில், டான்காஸ்டர் பணிமனையில் 1923-ல் உருவானது அது. அப்போது அதன் எண் 1472. பெயரே கிடையாது. 1924-ல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சியில் வைக்கப்பட்டபோதுதான் பெயரும் 4472 என்ற எண்ணும் வந்தன. பிறகு 103 ஆனது, அதன் பிறகு 60103. 1947-ல் பாய்லர் மாறியது. 1954-ல் டிரைவர் இருக்கும் பக்கம் வலமிருந்து இடமானது. 1959-ல் இரட்டைப் புகைபோக்கி வந்தது. 1961-ல் புகை டிரைவரின் கண்ணை மறைக்காமலிருக்க, முகத்தின் இரு பக்கமும் தகடுகள் பொருத்தப்பட்டன.

இதே இன்ஜின்தான் 1934-ல் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டுச் சாதனை படைத்தது. அந்தச் சாதனை நாளின் மாடல் என்று சொல்லி, 1961-ல் வந்த தகடுகளோடு ஒன்றைச் செய்து வைத்தால்? பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், அது காந்தியின் தண்டி யாத்திரைப் படத்தில் அவர் கையில் செல்போன் வைத்த மாதிரி.

"எல்லாத்தையும்விட டெண்டரைப் பாருங்க. அதுதான் வருஷத்தைக் காட்டிக் கொடுக்கும்" என்றார் நண்பர்.

1928 மே 1 முதல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, சுமார் 632 கிலோமீட்டரை வழியில் எங்குமே நிற்காமல் கடக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பயணம் எட்டு மணி நேரத்துக்கும் மேல். தண்ணீர் பிரச்னை இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே ஆங்காங்கே நீண்ட தொட்டிகள் இருந்தன. ஓடும்போதே ஒரு குழாயைக் கீழே இறக்கி டெண்டர் தண்ணீரை அள்ளிக்கொள்ளும். டெண்டரில் 9 டன் நிலக்கரியும் ஏற்றலாம். பிரச்னை மனிதருக்குத்தான். எட்டு மணி நேரம் ஓர் ஆளே நின்று கரி அள்ள முடியுமா?

அதற்காகவே டெண்டருக்குள் ஓரமாக ஒரு சந்து விட்டார்கள். உயரம் 5 அடி, அகலம் 18 அங்குலம். முதல் பெட்டியில் ஓய்வெடுக்கும் இன்னொரு டிரைவரும் ஃபயர்மேனும், பாதி வழியில் அந்தச் சந்துக்குள் குனிந்து நடந்துவந்து வேலையை வாங்கிக்கொள்வார்கள். நின்றுபோன ரயிலில் இது தேவையே இல்லை. நிற்காமல் ஓடியதால்தான் தேவைப்பட்டது.

1966-ல் இதே இன்ஜினுக்குப் பின்னால் இரண்டாவதாகவும் ஒரு டெண்டர் சேர்ந்தது. அதற்குள் இங்கிலாந்தில் நீராவிக் காலம் முடிந்துகொண்டிருந்தது. தொட்டிகளும் தண்ணீர்க் குழாய்களும் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டதால், தனியார் ஒருவர் வாங்கிப் பாதுகாத்துவந்த இன்ஜின் தன் தண்ணீரைத் தானே சுமக்க வேண்டியிருந்தது. ஒரு டெண்டரா, இரண்டு டெண்டரா, பின்பக்கத்தில் சந்துக்கான வாசல் இருக்கிறதா இல்லையா? இதை மட்டும் பார்த்தே மாடல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்களாம்.

எனக்கு வருடத்தைவிட அந்த 18 அங்குலம்தான் மனதில் நின்றது. அந்தச் சந்துக்குக் காரணம் ஒரு ஃபயர்மேனின் தோள்வலி. அதை விட்டுவிட்டு மாடல் செய்தால் அந்தத் தோள்வலியும் சேர்ந்து காணாமல் போய்விடும்.

எந்தக் காலை எங்கே வைப்பீங்க?

நண்பரின் கேள்விகளோடு விழுப்புரத்துக்குப் போனேன். தாத்தாவிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும். "என்னத்தச் சொல்றது? கரி அள்ளுனேன், சம்பளம் வாங்குனேன், ரிட்டயர் ஆனேன்." டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்த 'யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி' எல்லாம் வேலைக்கு ஆகாத ஒரே ஆள் எங்கள் தாத்தா.

முதல் நாள் இன்ஜினின் முகத்தைப் பற்றிக் கேட்டேன். விளக்கு எங்கே இருந்தது, எந்த வண்ணம் அடித்திருந்தார்கள்... எதற்கும் பிடிகொடுக்கவில்லை. "மூஞ்சிய நான் எங்கம்மா பார்த்தேன்? அதை பிளாட்பாரத்துல நிக்கிறவன்தான் பார்ப்பான்" என்றார்.

மறுநாள் நண்பர் போனிலேயே ஒரு கேள்வி கேட்டார். மாடல்களில் இன்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். காரணம், பொம்மை ரயில் பாதையின் வளைவு. 76-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பிரிட்டிஷ் மாடல்கள் ஓடும் வழக்கமான வளைவு ஒன்றின் ஆரம் 438 மி.மீ. நிஜத்தில் அது 33 மீட்டர்தான். எந்தப் பெரிய ரயிலும் அவ்வளவு குறுகலாகத் திரும்பாது. பொம்மை திரும்ப வேண்டும் என்பதற்காக இடைவெளியைக் கூட்டிவிடுகிறார்கள். "நம்ம மாடல் ஷோகேஸ்ல நிக்கப்போகுது. திரும்ப வேண்டியதில்லை. நிஜ இடைவெளியே வைக்கலாம். தாத்தா அங்க எப்படி நிப்பார்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். தாத்தா பதில் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கூடத்தில் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நின்றார்.

"இது இன்ஜின். இது டெண்டர். நடுவுல ஒரு இரும்புத் தகடு. ரெண்டும் ஒரே மாதிரி ஆடாது. இது இப்படி ஆடுனா அது அப்படி ஆடும். இடுப்பை மட்டும் திருப்பணும், காலை எடுக்கக் கூடாது. அங்க அள்ளி இங்க வீசணும்." கையில் இல்லாத ஷவலை வீசிக் காட்டினார். இடுப்பு திரும்பியது. கால் அசையவில்லை.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. கரிக்கட்டி பெரிதாக இருந்தால் சுத்தியலால் உடைக்க வேண்டும். ஒரு ஃபயர்மேன் அடுப்பைப் பார்த்தால், இன்னொருவர் டெண்டரின் பின்பக்கத்துக் கரியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புக் கதவுக்கு மேலே தூக்குவாளியை வைத்தால் டீ சூடாகவே இருக்கும். இன்ஜினைத் திருப்ப வசதியில்லாத ஊரிலிருந்து திரும்பும்போது டெண்டர் முன்னால் வரும். காற்றில் கரித்தூள் முழுக்க முகத்தில் அடிக்கும். கரி மேல் தண்ணீர் தெளித்து, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். பாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தத் துண்டைத் துவைச்சது யாருன்னும் எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.

யாரு வந்து பார்க்கப் போறாங்க?

எல்லாம் கிடைத்தது, நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. எழுபதுகளில் எடுத்தது. இன்ஜின் முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நம்பர் இருக்க வேண்டிய இடத்தை ஒரு டிரைவரின் தலை முழுதாக மறைத்திருக்கிறது.

"ஏதாவது ஒரு நம்பரைப் போடச் சொல்லு. யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்றார் அம்மா. நம்பர் பலகை காலியாக இருந்தால் பரிசு அரைகுறையாகத் தெரியும் என்பது அவர் கவலை. அதுவும் நியாயம்தான். நண்பரிடம் சொன்னேன்.

"போட மாட்டேங்க. நாம எழுதற நம்பர்ல நிஜமாவே ஒரு இன்ஜின் இருந்திருக்கும். அதுல வேற யாரோட தாத்தாவோ கரி அள்ளியிருப்பார்" என்றார்.

இத்தனைக்கும் அவர் எல்லாவற்றிலும் பிடிவாதக்காரர் இல்லை. 87-ல் ஒரு பங்கு அளவில், மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் அகலம் 11.5 மி.மீ வர வேண்டும். கடையில் கிடைப்பது 12 மி.மீ. "அரை மில்லிமீட்டர் போகட்டும், கண்ணுக்குத் தெரியாது" என்று விட்டுவிட்டார். நம்பரை மட்டும் விடவில்லை. அளவில் சிறிது விட்டுக்கொடுக்கலாம், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது என்பது அவர் கணக்கு. வேகமாகச் செய்தி போட வேண்டிய வேலையில் இருக்கும் எனக்கு, அந்தக் கணக்கு கொஞ்சம் உறைத்தது.

கடைசி முயற்சியாகத் தாத்தாவிடமே கேட்டேன். சிரித்தார். "எந்த நம்பர்னு சொல்லுவேன்? ஷெட்ல எது ரெடியா நிக்குதோ அதுல ஏறணும். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு." அப்படியென்றால் எந்த ஒரு நம்பரைப் போட்டிருந்தாலும் அது தாத்தாவின் கதையாக இருந்திருக்காது. காலிப் பலகைதான் சரியான பதில். அதைச் சொன்னதும் அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

பிறந்தநாளன்று மாடலை மேஜையில் வைத்தோம். உறவினர்கள் எல்லோரும் முன்பக்கமாகப் போய் நின்று போட்டோ எடுத்தார்கள். தாத்தா அதைத் தன் பக்கம் திருப்பி, டெண்டரை மட்டும் நெடுநேரம் பார்த்தார். நண்பர் நிஜ நிலக்கரியை நொறுக்கி, ஒவ்வொரு துண்டாக ஒட்டியிருந்தார். "கரி ஜாஸ்தி. விருத்தாசலம், அரியலூர் தாண்டி திருச்சி போய்ச் சேரும்போது இவ்வளவு நிக்காது" என்றார். நண்பர் உடனே சிறிய இடுக்கியை எடுத்து, தாத்தா போதும் என்று சொல்லும்வரை துண்டு துண்டாக எடுத்தார். தாத்தா தலையாட்டிய பிறகுதான் மாடல் முடிந்தது.

இன்று யாராவது அந்த மாடலைப் பார்த்துவிட்டு நம்பர் எங்கே என்று கேட்டால், அம்மாவே பதில் சொல்கிறார். தாத்தாவோ கேட்காதவர்களுக்கும் அந்த இரும்புத் தகட்டைக் காட்டுகிறார்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டபோதெல்லாம் வாயே திறக்காதவர், "கால் எங்க இருக்கும்?" என்ற ஒரு கேள்விக்குத் தன் பாதி வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்கள் வீட்டிலும் தறியில், லேத்தில், அச்சகத்தில், தையல் மெஷினில் பல வருடம் உட்கார்ந்த ஒருவர் இருக்கலாம். பெருமையாக எதையும் கேட்க வேண்டாம். சின்னதாக ஒன்றைக் கேளுங்கள்: எந்தக் கையில் எதைப் பிடித்தீர்கள், எந்தப் பக்கம் வலித்தது, டீயை எங்கே வைத்தீர்கள்? பதில் சொல்ல அவர் நாற்காலியிலிருந்து எழுந்தால், போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.