வளர்த்த பையனை விற்கலாமா?

1997-ல் ஸ்வீடனில் தொடங்கிய இணைய கால்பந்து விளையாட்டு ‘ஹாட்ரிக்’. ஆடுபவர்தான் அணியின் மேலாளர். அங்கே 112 நாள்களில் வீரருக்கு ஒரு வயது கூடிவிடும். வயது ஏற ஏறப் பயிற்சி பலிப்பது குறையும். அதனால் 17 வயதுப் பையனை வாங்கி, மாதக்கணக்கில் தேற்றி, லாபத்துக்கு விற்பது பலரின் கணக்கு. வாங்கிய கையோடு விற்றால் ஏஜென்ட் கமிஷன் அதிகம். விற்காமலே வைத்திருந்தால், திறமையோடு சம்பளமும் ஏறிக் கஜானாவைக் காலி செய்யும். எல்லோரையும் விற்றாலோ, ஜெயிக்க ஆளிருக்காது.

பார்த்துப் பார்த்து வளர்த்தவன் ஏலத்தில் நிற்கும் 3 நாள்களும் மனசு அடித்துக்கொள்ளும். அடுத்த பையன் தயாரான பிறகே மூத்தவனை அனுப்புகிறவரிடம்தான் பணமும் தங்கும், அணியும் தங்கும்.